கேட்டால் சொல்வோம்: லாந்தர் பிடித்த சிஸ்டர்

கேள்வி: என் மகள் அயர்லாந்தில் கோர்க் நகரத்தில் படிக்கிறாள். அங்கே ஒரு கன்னியர் மடத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்களாம். அதில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: மகள் சொல்வது டக்ளஸ் தெருவில் 2017இல் திறந்த நானோ நேகிள் பிளேஸாகத்தான் இருக்கும். கதை தெரியாமல் போனால் பழைய கட்டடம், தோட்டம், ஒரு கல்லறை, அவ்வளவுதான் கண்ணில் படும்.

நானோ நேகிள் 1718இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்று அங்கே அப்போது சட்டமே இருந்தது. இந்த அம்மா 1750களில் ஏழைப் பெண்பிள்ளைகள் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டாருக்கே தெரியாமல் ஒரு பள்ளி தொடங்கிவிட்டார். ஒருநாள் ஓர் ஏழை மனிதர் தம்பியிடம் வந்து, உங்கள் அக்காவின் பள்ளியில் என் பிள்ளையையும் சேர்க்கச் சொல்லுங்கள் ஐயா என்று கெஞ்ச, யாரோ பைத்தியக்காரன் என்று தம்பி சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சொல்லியிருக்கிறார். அக்கா ‘உண்மைதான்’ என்றாரே பார்க்கலாம், தம்பிக்கு வந்த கோபம்! 1769இல் எழுதிய கடிதத்தில் அக்காவே இதைச் சொல்கிறார். ஒன்பது மாதத்தில் பிள்ளைகள் சுமார் 200 பேராம். பகலில் பள்ளி, இரவில் லாந்தரோடு நோயாளிகளின் வீடுகள். அந்த லாந்தர்தான் இன்றைக்கும் அவருடைய அடையாளம்.

1771இல் உர்சுலைன் கன்னியரைக் கோர்க்குக்கு வரவழைத்தார். ஆனால் மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்களுடைய ஒழுங்கு, சேரிக்கு யார் போவது? அதனால்தான் 1775இல் தானே ஒரு சபையைத் தொடங்கினார், பிரசன்டேஷன் சபை என்கிறோமே அதுதான். 1842இல் அந்த சிஸ்டர்மார் சென்னைக்கு வந்தார்கள். ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் பள்ளி அவர்களுடையது.

கேள்வி: நான் படித்த கான்வென்டில் பழைய இடாப்புகளும் போட்டோக்களும் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. இங்கேயும் அப்படி ஒன்று செய்யலாமா?
- ஒரு வாசகி, பதுளை

பதில்: தாராளமாக. கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவில் பழைய லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கவில்லையா? முதலில் அலுமாரியைத் திறந்து காற்றுப் படவிடுங்கள், நம் பனிக்கும் ஈரத்துக்கும் காகிதம் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம், ஓய்வுபெற்ற சிஸ்டர்மார் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, போட்டோவில் யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள், பேனா வேண்டாம். நல்லது செய்கிறோம் என்று லமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.