ஜாம்பியாவுக்கு ஊழியத்துக்கு வரும் அண்ணாச்சிக்கும் மதினிக்கும்

அண்ணாச்சி, ஸ்தோத்திரம்.

ஓய்வு பெற்றபின் நீங்களும் மதினியும் சபை மூலமாக, தென் ஜாம்பியாவில் சோமா பக்கத்திலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனைக்கு ஒன்றரை வருஷ ஊழியத்துக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். மதினி நர்ஸாக இருந்தவர்கள், நீங்கள் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். நாள் எப்படிப் போகும், விக்டோரியா அருவி மாதிரி இடங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் சபையார் காணிக்கையில் வந்துவிட்டு ஊர் சுற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரருக்கு இங்கே பள்ளிக்கூட வேலை கிடைத்து இருவரும் வந்தோம். நானும் இங்கேயே பாடம் நடத்தினேன், பிள்ளைகளை இங்கேயே வளர்த்தேன், இப்போது இதுதான் எங்கள் ஊர். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது, அதை முதலில் பேசிவிடுவோம். போய்ப் பாருங்கள், தயங்கவே வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் கண்மூடும்வரை சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதனால் மிஷனரி என்றால் ஓய்வே கூடாது என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டு மலையேறினார்கள். உடம்பு தேறித் திரும்ப வந்துதான் ஊழியம் செய்தார்கள். அறுபதைத் தாண்டிய உங்களுக்கு அது இன்னும் அவசியம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த மண்ணைப் பார்க்காமல் இந்த ஜனங்களை விளங்கிக்கொள்ள முடியாது. கரீபா ஏரியைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அப்போது புரியும்.

இனி அன்றாடம். நீங்கள் இருக்கப்போவது டோங்கா இன மக்கள் வாழும் பகுதி. காலையில் யாரைப் பார்த்தாலும் நின்று, "முவாபுக்கா பூட்டி", அதாவது எப்படி எழுந்தீர்கள் என்று கேட்க வேண்டும். "கபோட்டு", நலம் என்று பதில் வரும். அப்புறம் வீடு, பிள்ளைகள், மழை, மாடு என்று விசாரிப்பு நீளும். வேலை இருக்கிறது என்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனால் முகம் வாடிவிடும், சொல்லமாட்டார்கள். பெரியவர்களிடம் பேசும்போது சற்றுக் குனிந்து, கைகளை மெல்லத் தட்டி வணக்கம் சொல்வார்கள். கொடுப்பது வாங்குவது எல்லாம் இரண்டு கையால்தான். நம் ஊரில் பெரியவர்களிடம் நடந்துகொள்கிற மாதிரி நடந்தாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். மதினி சேலை கட்டிக்கொள்ளட்டும். கிராமத்துக்குப் போகும்போது மேலே சித்தெங்கே என்னும் இங்கத்திய அச்சுத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டால் போதும், பெண்கள் தாமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள்.

மருத்துவமனையில் காலை ஜெபத்தோடு நாள் தொடங்கும், அதில் பாட்டுதான் அதிகம். மதினிக்கு வார்டு வேலையைவிட, கிராமம் கிராமமாகப் போய் நடத்தும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கிளினிக் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு மரக்கிளையில் தராசைக் கட்டுவார்கள். ஒவ்வொரு தாயும் கால்நுழைக்கும் துணிப்பை ஒன்றைத் தானே கொண்டுவந்து, பிள்ளையை அதில் போட்டுக் கொக்கியில் மாட்டுவாள். பிள்ளை வீறிட்டு அழும், நர்ஸ் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வார், இன்னொருவர் அட்டையில் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி மேலே போகிறதா இறங்குகிறதா என்று எல்லாத் தாய்மாரும் எட்டிப் பார்ப்பார்கள். மக்காச்சோளம் தீர்ந்துபோகும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புள்ளிகள் இறங்கும். அறுவடை வரும்வரை மனசு கனத்துத்தான் கிடக்கும்.

அண்ணாச்சி, உங்களுக்கு மருந்துக் கிடங்குக் கணக்கோ அலுவலகக் கணக்கோ தருவார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளிலிருந்தே உள்ளூர்ப் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வேகமாக முடியும் என்று நீங்களே எல்லாவற்றையும் எழுதி முடித்தால், நீங்கள் விமானம் ஏறிய மறுமாதம் அந்தப் பேரேடு அப்படியே நின்றுபோகும். இப்படி நின்றுபோனவை இங்கே நிறைய. இந்த மாவட்டத்திலுள்ள மாச்சா மிஷன் நிலையத்தை 1906-இல் தொடங்கியவர்கள் பிரான்சிஸ் டேவிட்சன், அடா எங்கிள் என்ற இரண்டு பெண்கள். அந்த வேலை இன்றும் நடக்கிறதென்றால், உள்ளூர் ஜனங்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டதால்தான்.

சாவு வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே யாராவது இறந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். பெண்கள் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டிலேயே படுப்பார்கள். ஆண்கள் வெளியே நெருப்பு மூட்டி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவமனை ஊழியர் வீட்டில் துக்கம் என்றால் நீங்கள் இருவரும் கட்டாயம் போக வேண்டும். பேச வேண்டியதில்லை. ஒரு பை மக்காச்சோள மாவோ கொஞ்சம் பணமோ கொடுத்துவிட்டு, மதினி பெண்களோடு தரையில் உட்காரட்டும், நீங்கள் ஆண்களோடு உட்காருங்கள். பாஷை தெரியாதே என்ற கவலை அங்கே இல்லை. நீங்கள் வந்ததை வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், உங்கள் ஊழியத்தில் இதற்கு மேலான மணிநேரம் கிடையாது.

சாப்பாட்டில் சிரமம் இருக்காது. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் ந்ஷிமாதான் இரு வேளையும். சாப்பிடுமுன் வீட்டுப் பிள்ளை ஒரு சட்டியும் குவளையும் கொண்டுவந்து உங்கள் கையில் தண்ணீர் ஊற்றும். வலது கையால் உருட்டி, கீரையிலோ கபெண்டாவிலோ தொட்டுச் சாப்பிட வேண்டும். கபெண்டா என்பது நெத்திலி அளவுள்ள உலர்ந்த மீன், தக்காளி வெங்காயம் போட்டு வதக்கினால் ஊர்க் கருவாட்டுக்கு ஏங்கமாட்டீர்கள். பூசணி இலையைக் கடலைப்பொடி போட்டுச் சமைப்பார்கள், அதை மதினி முதல் வாரமே கற்றுக்கொள்ளலாம். டோங்காக்களின் புளித்த பாலுக்கு மபிசி என்று பெயர். தயிர்ச்சோறு பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். உளுந்தும் துவரம்பருப்பும் தலைநகர் லுசாக்காவில் குஜராத்திகள் கடைகளில் கிடைக்கும், போகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அரிசிக்கு, நாட்டின் மேற்கிலுள்ள மொங்கு பக்கத்து அரிசியைக் கேட்டு வாங்குங்கள், நல்ல வாசம்.

மின்சாரத்தை மட்டும் நம்பாதீர்கள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம், மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும். 2024-இல் வறட்சியைத் தேசியப் பேரிடர் என்றே அறிவித்தார்கள், நாளுக்குச் சில மணி நேரம்தான் மின்சாரம் இருந்தது. மிஷன் வளாகத்தில் சூரியத் தகடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் மபாவுலா என்னும் கரி அடுப்பில் எல்லாம் சமைக்கலாம். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் மூட்டக் கூடாது, கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும்.

சரி, இனி ஊர் பார்ப்பது. விக்டோரியா அருவி சோமாவிலிருந்து நல்ல சாலையில் 200 கிலோமீட்டருக்குள்தான், லிவிங்ஸ்டன் நகரத்தை அடுத்து. ஆனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். 1,700 மீட்டர் அகலத்துக்கு ஆறு மொத்தமும் 100 மீட்டருக்கு மேல் கீழே விழும்போது எழும் சாரலில் எதிரே ஒன்றும் தெரியாது. தொப்பலாக நனைந்து, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவீர்கள். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியப் பக்கம் அநேகமாக வெறும் பாறை. ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரைதான் சரியான காலம். முடிந்தால் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள், தண்ணீர் நிறைய இருக்கும் மாதங்களில் நிலா வெளிச்சத்தில் வானவில் தெரியும். பாபூன் குரங்குகள் கைப்பையைப் பறிக்கும், தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள். அப்படியே லிவிங்ஸ்டன் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1855 நவம்பரில் இந்த அருவியைப் பார்த்தவர், அவருடைய பொருள்களும் கடிதங்களும் அங்கே இருக்கின்றன.

அருவிக்கு எல்லோரும் போவார்கள். நான் உங்களை அனுப்ப விரும்புவது கரீபா ஏரிக்கு. சோமாவுக்கு வடகிழக்கே பத்தோக்காவில் திரும்பி, மலைச்சரிவில் இறங்கினால் சினாசோங்வே வரும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும், அடி பருத்த பாவோபாப் மரங்கள் தொடங்கும், திடீரென்று கடல் மாதிரி தண்ணீர். இரவில் கபெண்டா பிடிக்கும் படகுகள் விளக்கேற்றி நிற்கும், வெளிச்சத்துக்கு மீன் திரண்டு வரும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் கிடக்கின்றன. 1950-களின் கடைசியில் ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே 128 மீட்டர் உயர அணை கட்டியபோது, ஆற்றின் இருகரையிலுமாக 57,000 டோங்கா மக்களை எழுப்பி வேறு இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். ஆற்றங்கரை வண்டல் மண்ணில் வருஷத்துக்கு இரண்டு போகம் எடுத்தவர்கள் தண்ணீரில்லாத மேட்டுக்குப் போனார்கள். 1958-இல் போகமாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்களில் எட்டுப் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். முன்னோர் கல்லறைகளும் மழைக்கு வேண்டிக்கொள்ளும் இடங்களும் மூழ்கின. அணையால் வந்த மின்சாரம் அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்குப் பல பத்தாண்டுகளாக எட்டவே இல்லை.

மருத்துவமனைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பாட்டிமார் ஏன் அரசாங்கத்தின் பேச்சையும் வெளியாரின் நல்லெண்ணத்தையும் சட்டென்று நம்பமாட்டார்கள் என்று மதினிக்கு அங்கே போய் வந்தபின் விளங்கும். "உங்கள் நல்லதுக்குத்தான்" என்று ஏற்கெனவே ஒருமுறை அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. இந்த இடப்பெயர்ச்சியை நேரில் இருந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் எலிசபெத் கோல்சன் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1946-இல் டோங்காக்களிடையே வேலையைத் தொடங்கியவர், முதுமையில் சோமாவுக்கு வடகிழக்கிலுள்ள மோன்சேயிலேயே வீடு கட்டிக் குடியிருந்து, 2016-இல் 99 வயதில் அங்கேயே இறந்தார். வயதான காலத்தில் அன்னிய ஊரில் எப்படி வாழலாம் என்பதற்கு எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

சோமா அருங்காட்சியகம் சிறியது, ஆனால் டோங்காக்களின் கூடைகளும் மணிவேலையும் அங்கே பார்க்கலாம், வாங்கவும் செய்யலாம். ஜூன் கடைசி அல்லது ஜூலை வாக்கில் மோன்சே பக்கம் லுவிண்டி கோண்டே என்ற முதற்கனித் திருவிழா நடக்கும், அழைத்தால் போங்கள். விடுப்பு நீளமாகக் கிடைத்தால் வடக்கே சித்தாம்போவுக்கும் போய் வரலாம். 1873-இல் லிவிங்ஸ்டன் இறந்த இடம். அவருடைய இருதயத்தை அங்கே மரத்தடியில் புதைத்துவிட்டு, சூமாவும் சூசியும் மற்ற தோழர்களும் உடலை மாதக்கணக்கில் கடற்கரைவரை சுமந்தார்கள். நினைவுக்கல் முன்னால் நின்று நன்றி சொல்ல வேண்டியது அந்தச் சுமந்தவர்களுக்கும்தான். நவம்பரில் போனால் பக்கத்திலுள்ள கசங்கா பூங்காவில் மாலையில் வானத்தை மறைத்துக்கொண்டு லட்சக்கணக்கான பழவௌவால்கள் கிளம்புவதையும் பார்த்துவிடலாம்.

போகுமுன் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் தேதி சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், செலவு உங்கள் சொந்தப் பணமாக இருக்கட்டும். அவ்வளவு செய்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் இடமிருந்தால் உங்களோடு வேலை செய்யும் ஒரு ஊழியரைக் கூட்டிப் போங்கள். பக்கத்திலேயே பிறந்தும் அருவியைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். இங்கே தங்கும் அனுமதி கைக்கு வந்ததும் அதன் நகலைப் பையில் வையுங்கள், பூங்காக்களில் குடியிருப்போருக்குக் கட்டணம் குறைவு. இருட்டியபின் சாலையில் போகவே வேண்டாம். விளக்கில்லாத லாரிகளும் மாடுகளும் குறுக்கே நிற்கும்.

பேரப்பிள்ளைகளோடு பேச இங்கே மூன்று, நான்கு மணி சரியான நேரம், அங்கே ஆறரை ஏழரை ஆகியிருக்கும். முதல் மாதங்களில் மதினி வேலையில் மூழ்கிவிடுவார்கள், உங்களுக்குப் பொழுது போகாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி போடுங்கள். வெண்டையும் கத்தரியும் நன்றாக வரும், அக்கம்பக்கத்தார் பார்க்க வருவார்கள், பேச்சும் தொடங்கும்.

மலேரியாவுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புமுன்பே தொடங்கிவிடுங்கள். சோமா கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூன் ஜூலை இரவுகளில் உறைபனிகூட விழும். நல்ல ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வையுங்கள். மதினி இங்கே நர்ஸாக வேலை பார்க்க ஜாம்பிய நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு கவுன்சிலின் சரிபார்ப்புக் கடிதம் தேவைப்படும், அதை இந்த வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம், அதை மட்டும் வந்தபின் வாங்குவது கஷ்டம்.