ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இரண்டு வெளிர்பச்சை பெயிண்டில் கூடத்துச் சுவருக்கு எது?

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடு, சிவப்பு சிமெண்ட் தரை, வடக்கு ஜன்னல், அதற்கு வெளியே வயல். மஞ்சள் கலந்த பிஸ்தா பச்சையா, சாம்பல் ஓடும் வெளிர்பச்சையா என்று கேட்கிறீர்கள். சாம்பல் ஓடுவதையே எடுங்கள்.

முதல் காரணம் தரை. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை எப்போதும் கூடுதல் பச்சையாகவே கண்ணில் படும். போதாததற்கு நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் அடிக்கும். ஷேடு கார்டில் சாதுவாக இருக்கும் பிஸ்தா, கூடம் முழுக்க ஏறியதும் கிளிப்பச்சைக்குக் கிட்டே போய்விடும். மன்னார்குடியில் எங்கள் கூடத்திலும் சிவப்புத் தரைதான். அடித்திருப்பது சாம்பல் கலந்த பச்சை. வருகிறவர்கள் யாரும் அதைச் சாம்பல் என்று சொன்னதில்லை.

வடக்கு அறைக்கு எப்போதும் குளிர்ந்த வெளிச்சம், அதனால் மஞ்சள் சாயல் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நாம் இருப்பது சுமார் 11 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. குறுவை நடவு சமயத்தில் உங்கள் ஜன்னலில் வெயிலே விழலாம்.

பெயிண்டர் பழைய சுவரிலேயே சாம்பிள் அடித்துக் காட்ட வருவார். வேண்டாம், பழைய நிறம் கண்ணைக் குழப்பும். இரண்டு பெரிய அட்டைகளில் ஓரத்தில் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடியுங்கள். எமல்ஷன் காய்ந்தால் சற்று அடர்ந்துவிடும், எனவே ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள். காய்ந்தபின் தரையை ஒட்டியும், ஜன்னலுக்கு எதிரேயும் நிறுத்திப் பாருங்கள். இரவில் பார்ப்பது கட்டாயம்: பகலில் ஒன்றாகத் தெரிந்தவை 3000 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் பிரிந்து போகலாம், 6500 கெல்வின் வெள்ளை பல்பில் வேறு மாதிரி இருக்கும். ஆகவே பல்பை முதலில் முடிவு செய்யுங்கள்.

ரேழி இருட்டாக இருந்தால் அங்கே மட்டும் எல்.ஆர்.வி. எண் கூடிய ஷேடு நல்லது. சுவர் எத்தனை சதவீத வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதே அந்த எண்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்க வேண்டாம், சுவர் உலரட்டும். தேவையான பெயிண்ட் முழுவதையும் ஒரே கடையில் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, டப்பாக்களை ஒரே வாளியில் கொட்டிக் கலந்த பிறகு ரோலரைத் தொடச் சொல்லுங்கள். ஷேடு எண்ணை மீந்த டப்பாவின் மூடியில் எழுதி வைத்துவிடுங்கள்.