அமெரிக்காவில் அரசு நிலத்தில் யாரும் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்கிறார்களே, அப்புறம் எதற்கு இத்தனை வழக்கு?

லைசென்ஸ் வாங்கினால் போதும். தேசியப் பூங்காக்களை விட்டால், ஒன்றிய அரசின் பெரும்பாலான காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் திறந்தே இருக்கின்றன. தகராறெல்லாம் உள்ளே போகும் வழிக்குத்தான்.

19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என அரசு நிலம் கொடுத்தது. அதனால் வயோமிங் மாநிலத்தின் தென்பகுதி வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகைதான். ஓர் அரசுக் கட்டத்திலிருந்து அடுத்த அரசுக் கட்டத்துக்குப் போக, நான்கு கட்டங்கள் சேரும் மூலையைத் தாண்ட வேண்டும். கால் படாவிட்டாலும் தோள் எங்கள் நிலத்துக்கு மேலே போகிறதே, அது அத்துமீறல் என்பது பண்ணைக்காரர்கள் வாதம்.

அங்கே எல்க் மலையில் அப்படி ஒரு மூலையில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, நடுவே சங்கிலி கட்டியிருந்தார்கள். 2021-ல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஓர் ஏணியையே கொண்டுவந்து, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். கிரிமினல் வழக்கில் 2022-ல் ஜூரி விடுவித்தது. நிலக்காரர் பல மில்லியன் டாலர் நஷ்டஈடு கேட்ட சிவில் வழக்கும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் தோற்றது. பொது நிலத்துக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது என்ற 1885-ஆம் வருடச் சட்டம்தான் கைகொடுத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

பண்ணைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எவனாவது கேட்டைத் திறந்து போட்டுப் போனால் மாடுகள் ரோட்டுக்கு வந்துவிடும். ஆனால் மூலையைத் தாண்டுகிறவன் கேட்டைத் தொடுவதே இல்லையே!

நான் டென்வரில் இருக்கிறேன். துப்பாக்கி தொட்டதில்லை, டிரவுட் மீன் பிடிக்கிற ஆள். ஆற்று விஷயம் இதைவிட வேடிக்கை. மொன்டானாவில் பாலத்தடியில் இறங்கிவிட்டால், ஆறு யாருடைய நிலத்துக்குள் ஓடினாலும் வழக்கமாகத் தண்ணீர் ஏறும் கோட்டுக்குள் நடந்தே போகலாம். 1985 சட்டம் அது. வயோமிங்கிலோ தண்ணீர் பொது, படுகை நிலக்காரருடையது. படகு தரை தட்டினால் இறங்கித் தள்ளலாம். தள்ளிவிட்டு அங்கேயே நின்று தூண்டில் வீசினால் குற்றம்.

ஆனால் மூலை தாண்டப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அந்தத் தீர்ப்பு செல்லுவது, அதைச் சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் வயோமிங், கொலராடோ, யூட்டா உள்ளிட்ட ஆறு மாநிலங்களில்தான். ஆற்றுக்கு அவ்வளவு தாராளம் காட்டும் மொன்டானா அதில் இல்லை. ஏணியோடு அங்கே போய் நிற்காதீர்கள்.