கோடோவின் வரவு

வணக்கம் அண்ணா,

நாங்கள் சில பேர் சேர்ந்து சாமுவேல் பெக்கெற்றின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை வாசித்தோம். கடைசிவரை வராத அந்தக் கோடோ யார் என்பதில் சண்டையே வந்துவிட்டது. பாதிப்பேர் கடவுள் என்றார்கள். எனக்கோ, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் இருக்கும் எங்கள் அம்மாமார்தான் நினைவுக்கு வந்தார்கள். இப்படி வாசிக்கலாமா?

- ஒரு வாசகி, கல்லடி

அன்புள்ள தங்கைக்கு,

கடவுளை முதலில் முடித்துவிடுவோம். கோடோ யாரென்று தெரிந்திருந்தால் நாடகத்திலேயே எழுதியிருப்பேன் என்று பெக்கெற்றே கையை விரித்துவிட்டார்.

உங்கள் வாசிப்பில் எனக்கு ஒரு தயக்கம். அந்த அம்மாமாருக்கு யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியும். பெயர், வயது, கடைசியாகப் போட்டிருந்த சேர்ட்டின் நிறம்வரை. நாடகத்தில் காத்திருக்கும் இருவரில் ஒருவனான எஸ்ட்ரகனோ, கோடோ எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியாது என்கிறான். போசோ என்ற எசமான் அந்த வழியாக வந்ததும் அவரிடமே நீங்கள்தான் கோடோவா என்று கேட்கிறான். இரண்டு காத்திருப்பும் ஒன்றல்ல. வேண்டுமானால், அம்மாமாரை அலைக்கழிக்கும் 'பிறகு வாருங்கோ' என்ற பதிலைக் கோடோ பக்கம் வைக்கலாம்.

கோடோவிடமிருந்து அந்தப் பதிலைக் கொண்டுவரும் பையனைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். ஐயா இன்றைக்கு வரமாட்டார், நாளைக்குக் கட்டாயம் வருவார் என்கிறான். காத்திருப்பவர்களில் மற்றவனான விளாடிமிர் அவனை விடாமல் குடைகிறான். வெள்ளாடு மேய்க்கும் இவனுக்கு அடி இல்லை. செம்மறி மேய்க்கும் சகோதரனுக்கு அடி. ஏனென்று இவனுக்கே தெரியாது. படுக்கை வைக்கோலில். மறுநாள் வருகிறவன், நேற்று வந்தது நானில்லை என்கிறான். கோடோ என்ன செய்கிறார் என்றால், ஒன்றும் செய்வதில்லையாம். தாடி வெள்ளையாக இருக்குமாம். ஆக, கோடோ வெறும் வெற்றிடமில்லை. சோறு போடுகிற, காரணமில்லாமல் அடிக்கிற ஒரு எசமான். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் வேலைக்காரப் பையன் வாயால் வருவதுதான்.

நம்முடைய மட்டக்களப்பு மரபுக் கூத்து வகையான வடமோடியில், அரசனின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வந்து அரசன் வருகிறான் என்றால் அரசன் வந்தே தீருவான். வரவு, அதாவது பாத்திரம் முதன்முதலாக மேடைக்குள் நுழைவதற்கு, பாட்டு, ஆட்டம், மத்தளம் எல்லாம் உண்டு. பெக்கெற் கட்டியகாரனை மட்டும் அனுப்பிவிட்டு வரவைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். 1953இல் பாரிஸில் முதல் ஆட்டம் பார்த்தவர்களைவிட, விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு இது கூடுதலாக உறைக்கும் என்பது என் எண்ணம்.

மேடையேற்றும் யோசனை இருந்தால், போசோவுக்கு முழு வரவு கொடுத்துப் பாருங்கள். கழுத்தில் கயிற்றோடு அவருடைய வேலைக்காரன் லக்கியை முன்னால் விட்டு, மத்தளத்துக்குக் கூத்தாடும் களரியைச் சுற்றி ஆடி வரட்டும். இவர்தான் கோடோ என்று சபையும் ஒரு நிமிடம் ஏமாறும். ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தாளக்கட்டுத் தெரியாமல் செய்தால் பகிடியாகிப் போகும்.