மலைக்கு ஒரு ஆலோசனைக் குழு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது மேலூர் பக்கம் மலையடிவார ஊர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். போன பங்குனியில் மரக்கன்று நட்டோம், முக்கால்வாசி பட்டுப்போயிற்று. உண்ணிச்செடியை (லாண்டனா) வெட்டினோம், மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. இப்போது வனவர், அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்கிறார். வெளிநாடுகளில் காடுகளுக்குக் குடிமக்கள் ஆலோசனைக் குழு உண்டாமே. அதுபோல ஒன்றை டிரஸ்ட்டாகப் பதிவுசெய்து தொடங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

டிரஸ்ட் வேண்டாம். பதிவுச் செலவு, ஆண்டுக் கணக்கு, தலைவர் யார் என்ற சண்டை எல்லாம் வரும். இவ்வளவுக்குப் பிறகும் உங்களைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்ற கட்டாயம் எந்த அதிகாரிக்கும் வராது. நீங்கள் தேடும் குழு சட்டப்படி உங்கள் ஊராட்சியிலேயே இருக்க வேண்டியது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், பிரிவு 41, ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. ஊர் எல்லைக்குள் இருக்கும் உயிர்வளத்தைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது தேசியப் பல்லுயிர் ஆணையமும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் இந்தக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதைவிடப் பெரிய ஆலோசனை உரிமையை டிரஸ்ட் பத்திரம் தராது.

பெரும்பாலான ஊர்களில் இந்தக் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது. 2020 ஜனவரிக்குள் குழுவும், ஊரின் உயிர்வளத்தை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் முடியவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது, அவசர அவசரமாக எழுதி முடித்தார்கள். எனவே முதலில் ஊராட்சிச் செயலரிடம் இரண்டைக் கேளுங்கள்: உறுப்பினர் பட்டியல், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டின் நகல். தயங்கினால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். பட்டியலில் இறந்தவர் பெயரோ, தான் உறுப்பினர் என்றே தெரியாதவர் பெயரோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுக் குழுவைத் திருத்தக் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி குழுவில் ஏழு பேருக்குக் குறையாமலும் பதினோரு பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் அணியிலிருந்து இரண்டு பேர் போதும். மீதி இடம் ஆடு மேய்ப்பவர், வைத்தியம் தெரிந்த பாட்டி, விறகு பொறுக்கும் பெண்கள் ஆகியோருக்கு. மலையை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

பதிவேட்டில்தான் உங்கள் உழைப்பு போகவேண்டும். "மயில், முயல், நரி காணப்படுகின்றன" என்று எழுதினால் தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் உதவாது. ஒரு சுனையை எழுதுகிறீர்கள் என்றால் புல எண், ஊரில் வழங்கும் பெயர், எந்த மாதம் வற்றுகிறது, பத்தாண்டுக்கு முன் எப்போது வற்றியது, யார் ஆடு தண்ணீர் குடிக்கிறது, எந்தக் கோயிலுக்குத் தீர்த்தம் போகிறது, சொன்னவர் யார், எழுதிய தேதி, இவ்வளவும் வேண்டும். வல்லூறு கூடு, அலங்கு (எறும்புதின்னி) வளை, தேவாங்கு இருக்கும் புதர் ஆகியவற்றின் இடக்குறிப்பைத் தனித்தாளில் எழுதிக் குழுவிடம் மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த வாரம் கேமராக்காரர்கள் வருவார்கள், அதற்கடுத்து பிடிப்பவன் வருவான்.

காகிதம் எதற்கு உதவும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியில் 139.63 ஹெக்டேரும் மீனாட்சிபுரத்தில் 53.58 ஹெக்டேரும் அதே பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024இல் டங்ஸ்டனுக்காக ஏலம் போன, அந்தத் தலமும் அடங்கிய நாயக்கர்பட்டி சுரங்கத் தொகுதி 2015.51 ஹெக்டேர். எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் சுரங்க அமைச்சகம், அறிவிக்கப்பட்ட தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுபடி பார்க்கச் சொன்னது. மீதிக்கு ஊர் ஊராக மக்கள் ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது, 2025 ஜனவரி 23இல் ஏலமே ரத்தானது. அறிவிப்புக்குப் பெரிய மலைதான் வேண்டும் என்பதில்லை. நத்தம் பக்கம் காசம்பட்டி கோயில்காடு வெறும் 4.97 ஹெக்டேர், அதுவும் 2025இல் பட்டியலில் சேர்ந்தது.

வனவர் சொன்னதில் தப்பில்லை. நீங்கள் போன இடம் காப்புக்காடா, வருவாய்த்துறைப் புறம்போக்கா என்று முதலில் தெரிய வேண்டும். வி.ஏ.ஓ.விடம் நிலத்தின் வகை எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, எல்லைக் கற்களைக் குழுவோடு நடந்து சரிபாருங்கள். காப்புக்காட்டுக்குள் 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம், குப்பை பொறுக்கப் போனாலும்தான்.

உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் தூரில் இருக்கும் மொட்டுகளிலிருந்து பத்து கிளை வரும். தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். வேர் மண்ணில் படக்கூடாது. காய் பழுக்குமுன் இதைச் செய்ய வேண்டும். சின்னானும் மைனாவும் பழத்தைத் தின்று எச்சமிடும் மரங்களின் அடியில் நாற்று முளைத்துக்கொண்டே இருக்கும், இரண்டு மழைக்காலம் அங்கே கைக்களை எடுக்க வேண்டும். சரிவில் மொத்தமாக எடுத்தால் மண் ஓடிவிடும். பட்டை பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள்.

கன்று பட்டதற்குக் காரணம் பங்குனி. மதுரைச் சீமையின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஒரு மாதம் முன்பே ஒன்றரை அடிக் குழி எடுத்து ஆறவிட்டு, மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். பையின் அடியில் சுருண்ட வேரை ஓர் அங்குலம் நறுக்கிவிட்டு, குழியின் பள்ளப் பக்கம் பிறை வடிவ வரப்பு கட்டுங்கள். உசில், வெப்பாலை, வாகை போதும். நர்சரியில் இலவசம் என்று தூங்குமூஞ்சியை மலையேற்றாதீர்கள். பாறையும் புல்லும் முட்புதருமாக இருக்கும் இடத்தில் எதையுமே நடவேண்டாம். வல்லூறுக்கு வேட்டையாடத் திறந்த வெளி வேண்டும், தேவாங்குக்கு அந்தப் புதர்தான் வீடு.

தொண்டர்கள் நிஜமாகவே பயன்படும் வேலை தீக்கோடு, அதாவது தீ தாண்டாமல் இருக்கப் புல் நீக்கிய பட்டை. தை மாதம் வனக்காப்பாளர் காட்டும் தடத்தில் புல்லைச் செதுக்குவார்கள். செதுக்கிய புல்லைக் கோட்டின் ஓரத்திலேயே குவித்துவிடுவதுதான் வழக்கமான பிழை, தீ அதிலேறித் தாண்டிவிடும். மாசியில் இலை உதிர்ந்து கோடு மறுபடி மூடிக்கொள்ளும். இரண்டாம் முறை அதைக் கூட்டிப் பெருக்கத்தான் ஆள் இருக்காது, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வன அளவை நிறுவனத்தின் தீ எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குப் பொதுமக்களும் பதிவுசெய்யலாம். தீயைக் கண்டு சொல்லும் செயற்கைக்கோளின் ஒரு புள்ளி 375 மீட்டர் அகலம், எந்த ஓடை என்று உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும். அணைக்க மேலே ஏறாதீர்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அடிவாரத்தில் தண்ணீரும் வழிகாட்டுதலும் உங்கள் பொறுப்பு.

இவற்றுக்கெல்லாம் மாவட்ட வன அலுவலருக்கு ஒரே கடிதம் போதும்: கிராம சபைத் தீர்மான நகல், பதினைந்து பேருக்கு மேற்படாத பெயர்ப்பட்டியல், பீட்டின் (வனக்காப்பாளரின் ரோந்துப் பகுதி) பெயர், என்ன வேலை, எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்கிவிடுவீர்கள். ஒரு நகலை ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.