பிரான்சில் ஒரு பருவம் படித்தால் ஆண்டு வீணாகுமா?

தம்பி, மூன்றாம் பருவத்தைப் பிரான்சில் படிக்க இடம் கிடைத்தும், "அந்த கிரெடிட்டை (ஒரு பாடத்தின் படிப்பு அளவைக் காட்டும் அலகு) ஏற்க மாட்டோம், ஓர் ஆண்டு போய்விடும்" என்று உங்கள் துறையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பாவில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட், ஓர் ஆண்டுக்கு 60. நம் ஊர்க் கணக்கு வேறு. எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். பாடத்தைப் பாடத்தோடு பொருத்துங்கள். அங்கே எடுக்கப்போகும் பாடங்களின் பாடத்திட்டத்தை இப்போதே கேட்டு வாங்கி, ஒவ்வொன்றும் இங்கே எதற்கு ஈடு என்று அட்டவணையாக எழுதி, துறைத் தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் புறப்படும் முன்பே கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போகவே கூடாது, திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம். பொருந்தாத பாடத்தை நான்காம் பருவத்தில் எழுத அனுமதி கேளுங்கள்.

இந்த அட்டவணை ஒருமுறை தயாராகிவிட்டால் உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் அதுவே வழி. துறைக்கும் வெளிநாட்டுத் தொடர்பு நிலைக்கும். தலைவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

விசாவுக்கு முன், பிரான்சில் படிக்கப் போகிறவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸின் நடைமுறை இருக்கிறது, நாள் பிடிக்கும். பிரெஞ்சு பேச வராது என்ற அச்சத்துக்குப் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இந்த மாதமே வகுப்பில் சேருங்கள்.