எது மிகை?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களைப் பற்றி 2003-ல் இ.எஸ்.பி.என். சேனலில் வந்த 'பிளேமேக்கர்ஸ்' தொடர் 11 எபிசோடோடு நின்றுபோனது. பார்த்தவர்கள் பலர் "ஆட்டக் காட்சிகள் தத்ரூபம், கதைதான் ஒரே மிகை" என்கிறார்கள். அதனால்தான் நின்றதா?

பதில்: இல்லை. அந்த ஆண்டின் சிறந்த பத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் என்று அமெரிக்கத் திரைப்படக் கழகம் போட்ட பட்டியலில் இந்தத் தொடரும் இருந்தது. தொடரில் வருவது கூகர்ஸ் என்ற கற்பனை அணி. லீகின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. அப்படியும், அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அப்போதைய தலைவர் பால் டேக்லியாபு, டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் முறையிட்டார். இ.எஸ்.பி.என். டிஸ்னியின் சேனல். ஆட்டங்களை ஒளிபரப்ப அது என்.எஃப்.எல்.லுக்கு ஆண்டுக்கு 60 கோடி டாலர் கொடுத்துவந்தது. 2004 தொடக்கத்தில் தொடருக்கு மங்களம் பாடிவிட்டார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

என்னை உறுத்துவது 'மிகை' என்ற சொல். இருப்பதற்கு மேல் காட்டினால்தான் மிகை. இருப்பது எவ்வளவு என்று அளக்காமலே அந்தச் சொல்லைத் தூக்கி எறிகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. இந்தத் தொடரில் அவர்கள் மிகை என்றதெல்லாம் ஏறக்குறைய உண்மை. தத்ரூபம் என்றதுதான் இட்டுக்கட்டியது.

முழங்கால் காயத்திலிருந்து திரும்பும் லியோன் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் அவர்; அந்த இடத்தை ஒரு புதுப் பையன் பிடித்துவிடுகிறான். ஒரு காயத்துக்கா இவ்வளவு பதற்றம் என்று கேட்டவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். அணியில் 53 பேர். அப்போதைய விதிப்படி ஆட்டத்தன்று சீருடை அணிவது 45 பேர், அவசரத்துக்கு ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். 2003-ல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 2,25,000 டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அது அன்றைய சீசனின் 17 வாரங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. வாரத்துக்குச் சுமார் 13,000. ஐந்தாவது வாரத்தில் அணியிலிருந்து நீக்கினால் மிச்சப் பன்னிரண்டு வாரப் பணம் கிடையாது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு எழுதியிருந்தாலும், உத்தரவாதம் என்று தனியாக எழுதாத டாலர் வெறும் எண்தான்.

இதில் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருக்கிறது. ஞாயிறு ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர்களுக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான். வேலையில்லாத ஆட்டக்காரர்களை அணிகள் வரவழைத்து ஓடவிட்டுப் பார்ப்பதும் அன்றைக்குத்தான். முழங்காலுக்கு ஐஸ் வைக்க வருகிறவன் ஜன்னல் வழியே பார்த்தால், தன் இடத்துக்கான மூன்று பேர் புல்வெளியில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவன் வலிக்கு ஊசி கேட்காமல் என்ன செய்வான்?

அந்த ஊசியின் பெயர் டோரடால், மருந்து கெட்டோரோலாக். தசையில் ஒருமுறை போட 60 மில்லிகிராம். மாத்திரையும் சேர்த்து மொத்தம் ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அன்றைய சீசனோ 17 வாரம். வலியை மறைப்பதால் கிழிந்த தசை மேலும் கிழிவது தெரியாது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுப்பதால், தலையில் அடிபட்டு உள்ளே கசிந்தால் உறைவதும் தாமதமாகும். சிறுநீரகத்துக்கும் கேடு. வலி வருமுன் காப்பாக இதைப் போட வேண்டாம் என்று அணி மருத்துவர்களின் குழுவே 2012-ல் எழுதியது. தொடர் நின்று எட்டு ஆண்டு கழித்து!

சிறுநீர்ப் பரிசோதனையில் ஏமாற்றும் கதையையும் நம்ப முடியவில்லை என்றார்கள். 2005-ல் மினசோட்டா வைகிங்ஸ் ஆட்டக்காரர் ஒருவரின் பையில் உலர்த்திய சிறுநீர்ப் பொடியும், அதைக் கரைத்து ஊற்றிக் கொடுப்பதற்கான போலி உறுப்பும் விமான நிலையச் சோதனையில் அகப்பட்டன. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

ஓரிடத்தில் தொடர் மிகைக்கு நேர்மாறாகக் குறைத்தே காட்டியது. எதிரணி வீரனை முடமாக்கிவிட்ட குற்றவுணர்வில் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரனான ஓல்சிக் புழுங்குகிறான். இடித்தவனுடைய மூளை என்ன ஆகிறது என்பது கதையில் இல்லை. 2002-ல் இறந்த முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை மருத்துவர் பென்னட் ஒமாலு ஆராய்ந்து 2005-ல்தான் கட்டுரை வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப விழும் இடிகளால் வரும் மூளைச் சிதைவைப் பற்றியது அது. வழக்குப் போட்ட முன்னாள் ஆட்டக்காரர்களோடு 2013-ல் லீக் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. பின்னர் அந்த உச்சவரம்பையும் எடுக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளர்கள் கூட்டிச் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட காலத்தில், உண்மை அவர்களைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். போதை, வீட்டில் அடி, ஓரினச் சேர்க்கையாளர் என்பதை மறைத்து வாழ்வது, எல்லாம் ஒரே அணிக்கு ஒரே சீசனில் நேர்கின்றன. 32 அணிகளில் பத்தாண்டில் நடப்பதை 53 பேர் தலையில் இறக்கியிருக்கிறார்கள். இதற்குச் செறிவு என்று பெயர். பதினொரு மணி நேரக் கதைக்கு வேறு வழியில்லை.

இனி அந்தத் தத்ரூபம். விளையாட்டு நாடகங்களில் ஹடில் காட்சிதான், அதாவது அடுத்த நகர்வைச் சொல்ல வீரர்கள் வட்டமாகக் கூடும் காட்சிதான், பெரிய புளுகு. ஒரு நகர்வு முடிந்ததும், அடுத்ததைத் தொடங்குவதற்கான 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் ரேடியோ உண்டு. கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அது தானாகத் துண்டிக்கப்படும். அதற்குள் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு, வீரர்கள் நிற்கும் அமைப்பு, தடுப்பு, ஓடும் பாதை, எந்த எண்ணிக்கையில் பந்து வரும் என்பதைச் சகாக்களிடம் ஒப்பிக்க வேண்டும். பிறகு வரிசையில் போய் நின்று எதிரணித் தடுப்பைப் படிக்கவும் நேரம் வேண்டும். ஆக, ஹடிலில் பேச்சுக்குக் கிடைப்பது பத்து விநாடி. அதில் தந்தையின் மரணம், நட்பின் துரோகம், அணியின் மானம் எல்லாவற்றையும் எப்படிப் பேசுவது?

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு முறைப்பது இன்னொன்று. நடிகரின் முகம் கம்பிக்குப் பின்னால் மறைகிறதே என்ற கவலையில் எடுக்கும் காட்சி அது. களத்தில் ஹெல்மெட்டைக் கழற்றினால் 15 கஜம் தண்டனை என்று 1997-லேயே விதி வந்துவிட்டது.

அடுத்த முறை எந்த ஃபுட்பால் தொடரைப் பார்த்தாலும், ஹடிலில் ஒருவர் வாயைத் திறந்ததும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். வசனம் முடிவதற்குள் 40 விநாடி ஓடிவிட்டால் நடுவர் கொடியை வீசியிருக்க வேண்டும்; தாமதத்துக்கு ஐந்து கஜம் பின்னால்.